பள்ளி ஆற்றுப்படுத்துநராகப் புதிதாகப் பொறுப்பேற்பவருக்கு: பிள்ளைகள் அஞ்சாமல் பேசும் இடத்தை அமைப்பது எப்படி?

தமிழ்நாட்டுப் பள்ளி ஒன்றில் ‘கவுன்சிலிங்’ என்று சொன்னால் ஆசிரியர்களுக்கு இடமாறுதல் கலந்தாய்வும், பெற்றோருக்குப் பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வும்தான் முதலில் நினைவுக்கு வரும். மாணவர்களுக்கு அச்சொல் வேறு பொருள் தரும். தப்புச் செய்தவனைத் தனியே கூப்பிட்டு உட்கார வைத்து அறிவுரை சொல்லும் இடம் என்றே அவர்கள் புரிந்து வைத்திருக்கிறார்கள். ஆற்றுப்படுத்துநர், அதாவது மாணவர்களுக்கான மனநல ஆலோசகர், என்ற பணிக்குப் புதிதாக வருபவர், உளவியல் பட்டம் பெற்றவராக இருந்தாலும், கூடுதல் பொறுப்பாக இதைச் சுமக்க நேர்ந்த ஆசிரியராக இருந்தாலும், இந்த மூன்று பொருள்களுக்கு நடுவில்தான் தம் நாற்காலியைப் போட வேண்டியிருக்கிறது. 100 அல்லது அதற்கு மேற்பட்டோர் பயிலும் கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டுதல் வழங்கியிருப்பதால், இனி இப்பணிக்குப் புதிதாக வருபவர்கள் பலர் இருப்பார்கள். அவர்களுக்காகவே இந்தக் குறிப்புகள்.

எல்லாவற்றுக்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் வாய் திறக்காமல் இருப்பதற்குப் பேச ஆளில்லாதது மட்டுமே காரணமன்று. சொன்ன சொல் எங்கே போய்ச் சேரும், அதன் பிறகு தமக்கு என்ன நடக்கும் என்பது தெரியாததே பெரிய காரணம். ஆகவே கனிவான முகமும் இனிய பேச்சும் மட்டும் பாதுகாப்பு உணர்வைத் தந்துவிடுவதில்லை. அடுத்து நடக்கப்போவது முன்கூட்டியே தெரிந்திருப்பதும், சொன்னபடியே அது நடப்பதும்தான் அந்த உணர்வைத் தருகின்றன. கீழே வரும் படிகள் ஒவ்வொன்றும் அதற்காகவே செய்யப்படுபவை.

தலைமை ஆசிரியரிடம் முதலில் பேசி முடிக்க வேண்டியவை

பணியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, ஒரு மாணவரைக்கூடச் சந்திப்பதற்கு முன், தலைமை ஆசிரியரிடம் அமர்ந்து ஓர் உடன்பாட்டுக்கு வந்துவிடுங்கள். தாமதமாக வந்தவன், முடியை வளர்த்தவன், கைபேசியோடு பிடிபட்டவன் ஆகியோரை விசாரிக்கும் வேலை உங்களுடையதன்று என்பது அதில் முதன்மையானது. ஒழுங்கு நடவடிக்கையும் ஆற்றுப்படுத்துதலும் ஒரே அறையில் நடக்கும் பள்ளியில், அந்த அறைக்குள் போய்விட்டு வரும் மாணவன் வகுப்பில் தலைகுனிந்தே உட்காருவான். அடுத்த நாள் உண்மையான துயரத்தோடு இருக்கும் பிள்ளைகூட அந்தப் பக்கம் வராது. எந்தத் தகவல் யாருக்குப் போகும், எதை நீங்கள் சொல்ல மாட்டீர்கள் என்பதையும் அப்போதே பேசி, ஒரு பக்க அளவில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வது நல்லது. தலைமை ஆசிரியர் மாறுதலாகிப் போனால், அந்தத் தாள் ஒன்றுதான் உங்களுக்குத் துணை.

அறையும் நேரமும்

தனி அறை கிடைப்பது அரிது. நூலகத்தின் ஒரு மூலையோ பயன்படாத ஆய்வகமோதான் பெரும்பாலும் கிடைக்கும். எது கிடைத்தாலும், உள்ளே இருப்பவர்களை வெளியிலிருந்து பார்க்க முடிய வேண்டும், அவர்கள் பேசுவது மட்டும் கேட்கக் கூடாது. கதவை முழுவதும் சாத்திக்கொண்டு ஒரு பிள்ளையோடு தனித்திருப்பது பிள்ளைக்கும் பாதுகாப்பன்று, உங்களுக்கும் பாதுகாப்பன்று. கண்ணாடிச் சன்னல் உள்ள அறை சிறந்தது. தலைமை ஆசிரியர் அறையைக் கடந்து வர வேண்டிய இடத்தைத் தவிர்க்கப் பாருங்கள், ஏனெனில் அந்த வராந்தாவில் நடப்பதே ஒரு செய்தியாகிவிடும். மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக அமர்வது விசாரணையை நினைவூட்டும் என்பதால், நாற்காலிகளைச் சற்றுச் சாய்வாகப் போட்டுக்கொண்டால் பேச விரும்பாத நேரத்தில் பிள்ளை சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அழைக்கும் முறையில்தான் பலரும் தவறுகிறார்கள். ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி அழைப்பதும், வகுப்பு நடக்கும்போது ஆள் அனுப்பி, ‘இவனைக் கவுன்சிலிங் மிஸ் கூப்பிடுறாங்க’ என்று சொல்ல வைப்பதும் ஊரறிய முத்திரை குத்துவதற்குச் சமம். வகுப்பாசிரியரிடம் ஒரு துண்டுச் சீட்டு, அதில் காரணம் எதுவும் இல்லாமல் நேரம் மட்டும் என்ற அளவில் முறையை அமைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டு வேளையை எடுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளை வாரம் முழுவதும் எதிர்பார்த்திருந்த அந்த நாற்பது நிமிடத்தைப் பறித்துவிட்டு, ‘எப்படிப்பா இருக்கே?’ என்று கேட்டால் நல்ல பதில் வராது.

வகுப்பு வகுப்பாகப் போவது

முதல் மாதத்தில் எல்லா வகுப்புகளுக்கும் நேரில் சென்று, பத்து நிமிடம் போதும், உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். காலைக் கூட்டத்தில் மேடையேறிச் சொல்வது இதற்கு ஈடாகாது. நண்பனோடு சண்டை, வீட்டில் நிம்மதியின்மை, படிப்பு மண்டையில் ஏறாமை, தூக்கமின்மை, யாரோ கேலி செய்வது என எதற்காகவும் வரலாம் என்று சொல்லும்போது, சிறிய காரணங்களை முதலில் சொல்லுங்கள். பெரிய துயரம் உள்ள பிள்ளை சிறிய காரணத்தைச் சொல்லிக்கொண்டுதான் முதல்முறை உள்ளே வரும்.

அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போட ‘மாணவர் மனசு’ என்ற பெயரில் பெட்டி வைக்கப்பட்டிருக்கிறது. பெட்டி இருப்பது போதாது. அதை யார் திறப்பார், எந்தக் கிழமை திறப்பார், பெயர் எழுதாமல் போட்டால் என்ன நடக்கும் என்பதையும் வகுப்பில் சொல்லுங்கள். தூசு படிந்த பூட்டைப் பார்க்கும் பிள்ளைக்கு எல்லாம் புரிந்துவிடும்.

ரகசியத்தின் எல்லையை முதலிலேயே சொல்வது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருப்பவர் இதைப் படிக்கலாம். ‘நீ சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று ஒருபோதும் வாக்களிக்காதீர்கள். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் அந்தச் சொல் பொய்யானது, ஏனென்றால் சில செய்திகளை நீங்கள் சொல்லியே ஆக வேண்டும். வாக்கை நம்பிப் பேசிய பிள்ளைக்கு, மறுநாள் அப்பா அழைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது உங்கள் மீது மட்டும் நம்பிக்கை போவதில்லை, பெரியவர்கள் அனைவர் மீதும் போய்விடுகிறது. முதல் சந்திப்பின் முதல் சில நிமிடங்களுக்குள், பிள்ளை எதையும் சொல்லத் தொடங்குவதற்கு முன், இப்படிச் சொல்லலாம்:

“நீ இங்கே சொல்றதை உன் டீச்சர்கிட்டயோ வீட்லயோ நான் போய்ச் சொல்ல மாட்டேன். மூணு விஷயத்துல மட்டும் என்னால சும்மா இருக்க முடியாது. உன் உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா, உன்னால இன்னொருத்தருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா, உன்னை யாராவது தப்பா தொட்டாலோ அடிச்சுக் கொடுமைப்படுத்தினாலோ. அப்பவும் யார்கிட்ட, என்ன சொல்லப் போறேன்னு முதல்ல உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்.”

இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னால் பிள்ளை பேசாமல் போய்விடுமே என்று புதியவர்கள் தயங்குவதுண்டு. சிலர் அன்று பேசாமல் போகவும் செய்வர். ஆனால் எல்லை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போன பிள்ளை, தயாரானதும் திரும்பி வரும். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளிடம், சொன்னதைத் தங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டால், எந்த அளவுக்குப் புரிந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

முதல் சந்திப்பு

‘ஏன்’ என்று தொடங்கும் கேள்விகளைக் குறையுங்கள். ‘ஏன் ஸ்கூலுக்கு வரலை?’ என்ற கேள்வி பள்ளியில் எப்போதும் குற்றச்சாட்டாகவே ஒலித்துப் பழகியிருக்கிறது. ‘அன்னிக்குக் காலைல எழுந்ததுலேர்ந்து என்ன நடந்துச்சுன்னு சொல்றியா?’ என்று கேட்டால் பிள்ளை கதை சொல்லத் தொடங்கும். காரணம் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கும். மௌனம் வந்தால் பதறி அதை நிரப்ப வேண்டாம். மனத்துக்குள் முப்பது வரை எண்ணிக்கொண்டு காத்திருப்பது, நான் அறிந்தவரை, எந்த உத்தியைவிடவும் அதிகம் பயன் தந்திருக்கிறது.

அறிவுரை சொல்ல நாக்கு துடிக்கும். ஆசிரியராக இருந்து இப்பணிக்கு வருபவர்களுக்கு இது இன்னும் கடினம். ‘இதுக்கெல்லாம் போய் அழலாமா?’, ‘உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனை பேர் இருக்காங்க’, ‘அப்பா நல்லதுக்குத்தானே அடிக்கிறார்’ என்பன ஆறுதல் போலத் தோன்றினாலும், ‘உனக்குத் தோன்றுவது தவறு’ என்றுதான் பிள்ளையின் காதில் விழும். அதற்குப் பதிலாகக் கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள். ‘எல்லார் முன்னாடியும் மார்க் வாசிச்சப்போ உனக்கு எழுந்து ஓடிடலாம்னு தோணியிருக்கு’ என்று நீங்கள் சொன்னதும், ‘ஆமா மிஸ்’ என்று வரும் பதிலில் உள்ள பெருமூச்சைக் கவனியுங்கள். தமிழில் இப்பணிக்கு ஆற்றுப்படுத்துதல் என்று பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. சங்க இலக்கியத்து ஆற்றுப்படையில் வழி சொல்பவன் தானும் வறுமையோடு அந்த வழியில் நடந்து பரிசு பெற்று வந்தவன். எதிரில் வருபவனின் பசியை அவன் ஏளனம் செய்வதில்லை.

சந்திப்பை முடிக்கும்போது, அடுத்து எப்போது, எங்கே என்பதைச் சொல்லி முடியுங்கள். வியாழக்கிழமை என்று சொன்னால் வியாழக்கிழமை அங்கே இருங்கள். தேர்வுப் பணிக்கோ பயிற்சிக்கோ போக நேர்ந்தால் முன்பே தெரிவியுங்கள். கைவிடப்பட்ட அனுபவம் உள்ள பிள்ளைக்கு, நீங்கள் வராத ஒரு வியாழன் பெரிய செய்தி.

ஆசிரியர் ஓய்வறையில்

தேநீர் இடைவேளையில் ஒருவர் நிச்சயம் கேட்பார்: ‘அந்த எட்டாம் வகுப்புப் பையன் என்ன சொன்னான்?’ கேட்பவர் பெரும்பாலும் அக்கறையோடுதான் கேட்கிறார் என்பதே இதில் உள்ள சிக்கல். முகத்தில் அடித்தாற்போல மறுத்தால் சக ஆசிரியர்களின் ஒத்துழைப்பு போகும். சொல்லிவிட்டால் மாலைக்குள் பள்ளி முழுவதும் தெரிந்துவிடும். செய்தியைச் சொல்லாமல் தேவையை மட்டும் சொல்வதே இதற்கு வழி. வீட்டில் அம்மா பிரிந்து போயிருப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ‘அவனுக்கு இந்த வாரம் கொஞ்சம் சிரமமான நேரம் சார், வீட்டுப்பாடம் கொண்டு வரலைன்னா எல்லார் முன்னாடியும் எழுப்பி நிற்க வைக்காம தனியாக் கேட்டீங்கன்னா உதவியா இருக்கும்’ என்றால் போதும். இந்த வேண்டுகோளைக்கூடப் பிள்ளையின் ஒப்புதலோடு வைப்பது முறை.

ஆசிரியர்களில் சிலரே பிள்ளைகளின் அச்சத்துக்குக் காரணமாக இருப்பதும் உண்டு. கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 17-ஆவது பிரிவு உடல் ரீதியான தண்டனையோடு மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. நிறத்தையும் உருவத்தையும் சொல்லிக் கேலி செய்வது பழக்கத்தினால் நடப்பதாகவே பலர் கருதுகிறார்கள். ஒரு நாள் ஆசிரியர் கூட்டத்தில், யாரையும் பெயர் சுட்டாமல், சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் தலைமை ஆசிரியரைக் கொண்டே வாசிக்கச் செய்வது பயன் தரும்.

சாதியைப் பேசாமல் கடந்துபோக முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் உடன் படித்த மாணவர்களால் வீட்டிலேயே வெட்டப்பட்ட நிகழ்வுக்குப் பின், ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அமைக்கப்பட்ட ஒரு நபர் குழு 2024 ஜூனில் அரசுக்கு அறிக்கை அளித்தது. மணிக்கட்டில் வண்ணக் கயிறு போன்ற சாதி அடையாளங்களைத் தடை செய்வதோடு, பள்ளி நல அலுவலர்களை நியமிக்க வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. உங்கள் பள்ளியில் யார் யாரோடு அமர்ந்து மதிய உணவு உண்கிறார்கள் என்பதை ஒரு வாரம் கவனித்தாலே, எந்தப் பிள்ளைக்கு அந்த வளாகம் பாதுகாப்பானதாக இல்லை என்பது உங்களுக்குத் தெரியத் தொடங்கும்.

பெற்றோரைச் சந்திக்கும்போது

பள்ளியிலிருந்து அழைப்பு என்றாலே டி.சி. கொடுத்து அனுப்பப் போகிறார்கள் என்ற அச்சத்தோடு, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். எனவே தொலைபேசியிலேயே ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்று சொல்லி, அவர்களுக்கு ஏற்ற நேரத்தைக் கேளுங்கள். பிள்ளையிடம் கண்ட நல்ல பண்பு ஒன்றைக் கூறிப் பேச்சைத் தொடங்குங்கள். எதையெல்லாம் பெற்றோரிடம் பேசப் போகிறீர்கள் என்பது பிள்ளைக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

சட்டம் உங்கள் மீது சுமத்தும் கடமை

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், 2012 எனும் போக்சோ சட்டத்தை வேலையில் சேரும் முன்பே படித்திருக்க வேண்டும். அதன் 19-ஆவது பிரிவின்படி, குற்றம் நடந்ததை அறிந்தவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்கத் தவறினால் 21-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். தமக்குக் கீழ்ப் பணியாற்றுபவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு அது ஓராண்டு வரை நீளும். ‘பள்ளிப் பெயர் கெட்டுவிடும், பேசி முடித்துக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால், இந்தப் பிரிவுகளை அமைதியாக எடுத்துக் காட்டுங்கள். 18 வயதுக்குட்பட்டவரின் சம்மதத்தைச் சட்டம் சம்மதமாகக் கொள்வதில்லை என்பதையும் மறவாதீர்கள். பதினேழு வயதுக் காதல் கதைகளைக் கேட்க நேரும்போது உங்களுக்கு உண்மையாகவே தர்மசங்கடம் தரும் இடம் இதுதான். எல்லையை முன்பே சொல்லி வைப்பதன் தேவை அப்போது விளங்கும்.

பிள்ளை சொல்லத் தொடங்கிவிட்டால் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். நாள், நேரம், எத்தனை முறை என்று துருவுவது காவல்துறையின் வேலை. வெவ்வேறு பெரியவர்களிடம் அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது மீண்டும் ஒரு காயம். ‘நீ சொன்னது நல்லது, இதுல உன் தப்பு எதுவும் இல்லை’ என்று கூறி, பிள்ளை பயன்படுத்திய சொற்களை அப்படியே எழுதி வைத்துக்கொண்டு, அடுத்து என்ன நடக்கும் என்று விளக்குங்கள். வாக்குமூலம் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ பதிவு செய்யப்படலாம், அப்போது காவல் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது என்று 24-ஆவது பிரிவு கூறுகிறது. இதைச் சொன்னாலே பாதி நடுக்கம் அடங்கும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும், பள்ளிக் கல்வித்துறையின் 14417 என்ற எண்ணும் எல்லா வகுப்புச் சுவரிலும் இருக்கட்டும். பத்தாம் வகுப்பு முடிந்ததும் கல்யாணம் என்று ஒரு பெண் வந்து சொன்னாலும் 1098-தான்.

உயிர் பற்றிய கேள்வி

சாவைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற அச்சம் வேண்டாம். நேரடியாகக் கேட்பது எண்ணத்தை விதைப்பதில்லை, பேச வழி திறக்கிறது. ‘செத்துப் போயிடலாம்னு தோணியிருக்கா? எப்படின்னு யோசிச்சிருக்கியா?’ என்று நிதானமான குரலில் கேளுங்கள். ஆம் என்றால் அந்தப் பிள்ளையைத் தனியே விடாமல், தனியே வீட்டுக்கு அனுப்பாமல், பெற்றோரை வரவழைத்து, வீட்டில் உள்ள பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அன்றே அப்புறப்படுத்தச் சொல்லி, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம் அனுப்புங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பெற்றோர் மருத்துவமனைக்குத் தயங்குவார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 115-ஆவது பிரிவு சொல்வதை அவர்களுக்கு எடுத்துக் கூறுங்கள். இரவில் அழைக்க, டெலி மானஸ் எனும் மனநல உதவி எண் 14416, தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104 ஆகிய எண்களைப் பிள்ளையின் கையிலேயே எழுதிக் கொடுங்கள்.

பொதுத்தேர்வு முடிவு வரும் நாட்கள் தனிக் கவனத்துக்குரியவை. முடிவு வந்த பிறகு ஆறுதல் சொல்வதைவிட, தேர்வுக்கு முன்பே 10, 12-ஆம் வகுப்புகளில் சென்று, தவறினால் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு உண்டு, ஆண்டு வீணாகாது என்ற செய்தியைப் பெற்றோரும் இருக்கும் கூட்டத்தில் சொல்லி வைப்பது மேல். விடுமுறையில் பள்ளி மூடியிருக்கும் என்பதால், கவலைக்குரிய பிள்ளைகளின் வீட்டு எண்களை ஏப்ரலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, முடிவு வரும் நாளன்று நீங்களே அழையுங்கள்.

பதிவேடு

சுருக்கமாக எழுதுங்கள்: நாள், நேரம், பேசிய பொருள் ஒரு வரியில், அடுத்த நடவடிக்கை. பெயருக்குப் பதில் எண் இடுங்கள். எண்ணுக்குரிய பெயர்ப் பட்டியல் வேறு பூட்டில் இருக்கட்டும். உங்கள் ஊகங்களை எழுதாதீர்கள். வாட்ஸ்அப்பில் எந்தப் பிள்ளையைப் பற்றியும் ஒரு சொல்லும் வேண்டாம்.

பலன் தெரியத் தொடங்கும்போது

வந்தவர்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளக்கச் சொல்வார்கள். மாத அறிக்கைக்கு அந்த எண்ணைக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது, அனுப்பப்பட்டு வருபவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறை தாமாக வருகிறார்கள் என்பதைத்தான். ஓரிரு மாதங்களில் யாரோ ஒரு பிள்ளை வாசலில் நின்று, ‘எனக்கு இல்ல மிஸ், என் ஃப்ரெண்டுக்கு’ என்று தொடங்கும். அது உண்மையாகவே தோழியைப் பற்றியதாக இருக்கலாம், தன்னைப் பற்றியதாகவும் இருக்கலாம். எது என்று ஆராயாமல், நாற்காலியைக் காட்டி, மேலே சொன்ன மூன்று எல்லைகளையும் அந்தப் பெயர் தெரியாத தோழிக்கும் பொருந்தும்படி சொல்லிவிட்டு, ‘உன் ஃப்ரெண்டுக்கு என்ன ஆச்சு, சொல்லும்மா’ என்று கேளுங்கள்.